பூஜ்யத்துக்கும் ஆறு கிலோமீட்டருக்கும் நடுவே: கியர் கார் கற்பித்தல் குறித்து ஓர் ஆய்வு

லைசென்ஸ் கையில் இருந்தும் கார் ஓட்டாதவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டி, எல்.எல்.ஆர். எடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கியவர்கள்தான். வீட்டில் காரும் நிற்கும். வெளியே கிளம்ப வேண்டுமென்றால் மட்டும் ஆக்டிங் டிரைவருக்குப் போன் போகும். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: “மேட்டுல நின்னா வண்டி பின்னாடி போயிடுமோன்னு பயம். சிக்னல்ல ஆஃப் ஆயிட்டா அப்புறம் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

இந்தப் பதிலில் வேகத்தைப் பற்றிய பயம் எங்கேயும் இல்லை. நான்குவழிச் சாலையில் டாப் கியரில் போவதைப் பற்றி இவர்கள் கவலைப்படுவதில்லை. நிற்கிற காரை நகர்த்துவதுதான் பிரச்சினை. கியர் கார் ஓட்டக் கற்பதில் உள்ள சிரமத்தின் பெரும்பகுதி பூஜ்யத்துக்கும் ஆறு கிலோமீட்டர் வேகத்துக்கும் இடையிலேயே அடங்கியிருக்கிறது. நம் பயிற்சிமுறை மிகக் குறைவாகக் கவனிப்பதும் இந்த இடைவெளியைத்தான். இயந்திரத்தின் இயல்பு, பயிற்சிப் பள்ளிகளின் நடைமுறை, சட்டத்தின் எதிர்பார்ப்பு, பிற நாடுகளின் அனுபவம், ஆட்டோமேட்டிக் கார்களின் வருகை ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்த்து இதை நிறுவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கிளட்ச் செய்கிற வேலை

மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தரும். பெட்ரோல், டீசல் இன்ஜின்களால் அது முடியாது. நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். அதற்கும் கீழே சுமை இழுத்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். காரின் சக்கரமோ சிக்னலில் நிற்கும்போது அசையாமல் இருக்கிறது. ஒருபக்கம் 800 சுற்று, மறுபக்கம் பூஜ்யம். இரண்டையும் திடீரென்று இணைத்தால் ஒன்று கார் முன்னால் தூக்கியடிக்கும், அல்லது இன்ஜின் அணையும். இரண்டையும் பதமாகச் சேர்த்துவைக்க உள்ள ஒரே உறுப்பு கிளட்ச்.

அதன் அமைப்பு எளிது. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான ஃப்ளைவீல். அதை ஒட்டி, உராய்வுப் பட்டை பதித்த கிளட்ச் பிளேட். பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்க ஒரு பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்கும். பெடலை மிதித்தால் அழுத்தம் விலகி, இன்ஜின் தனியாகவும் கியர்பாக்ஸ் தனியாகவும் ஆகிவிடும். பெடலை மெல்ல விட்டால் பிளேட் முதலில் வழுக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றும், கடைசியில் ஃப்ளைவீலோடு ஒன்றாகச் சுழலும். வழுக்கலுக்கும் முழுப் பிடிப்புக்கும் நடுவில் உள்ள அந்த இடத்தைத்தான் நம் ஊர் மாஸ்டர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறார்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரில் முதல் கியர் போட்டிருக்கும்போது, இன்ஜின் ஏறத்தாழ 14 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.75 மீட்டர். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் 800 சுற்றில் ஓடினால், சக்கரம் நிமிடத்துக்கு 57 முறை சுற்றும். அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர், மணிக்கு 6 கிலோமீட்டர். ஒருவர் விறுவிறுவென்று நடக்கும் வேகம். இந்த வேகத்தைத் தொட்டபின் கிளட்சை முழுவதும் விட்டுவிடலாம், கார் தானே போகும். அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு அங்குலத்துக்கும் இடதுகால்தான் பொறுப்பு.

இதே கணக்கு மற்றக் கியர்களின் எல்லையையும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கியரில் இன்ஜின் 800 சுற்றில் இருக்கும்போது காரின் வேகம் சுமார் 10 கிலோமீட்டர். மூன்றாவதில் 15. ஐந்தாவதில் ஏறத்தாழ 25. வேகத்தடையில் 8 கிலோமீட்டருக்குக் குறைத்துவிட்டு மூன்றாவது கியரிலேயே கிளம்பப் பார்த்தால் கார் ஏன் உதறுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. “சத்தம் வந்தா மேல போடுங்க, உதறினா கீழ போடுங்க” என்று மாஸ்டர்கள் சொல்வது சரியான விதிதான். அதன் பின்னால் உள்ள இந்த எண்களையும் சொல்லிக்கொடுத்தால் கற்பவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானே யோசித்துக் கண்டுபிடிப்பார்.

கியர் இலகுவான கதை

கியர் மாற்றுவது ஒரு காலத்தில் உண்மையிலேயே கடினமான கைத்தொழிலாக இருந்தது. 1890களில் பிரான்சின் பனார் – லெவாசோர் நிறுவனம் கொண்டுவந்த கியர்பாக்ஸில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல்சக்கரங்களை ஓட்டுநரே நேரடியாக ஒன்றோடொன்று கோக்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பற்கள் உரசிக் கத்தும். கிளட்சை ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, இன்ஜின் சுற்றைச் சரிசெய்து, மறுபடி கிளட்ச் மிதித்து அடுத்த கியர் போடும் ‘டபுள் கிளட்ச்’ வித்தை அதனால்தான் பிறந்தது. பழைய லாரி ஓட்டுநர்கள் இன்றைக்கும் அதைப் பெருமையோடு சொல்வார்கள்.

1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு வந்தது. பற்கள் கோப்பதற்கு முன்பே அவற்றின் வேகத்தை உராய்வால் சமப்படுத்தும் வளையம் அது. கற்பவரின் தலையிலிருந்து பாதிச் சுமையை இறக்கிவைத்தது அந்த வளையம்தான். இந்தியாவில் அடுத்த பெரிய மாற்றம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர் லீவரையும் கனமான கிளட்சையும் பழகிய தலைமுறைக்கு, தரையிலிருந்து எழும் சிறிய லீவரும் லேசான பெடலும் புதிய அனுபவமாக இருந்தன. 2014இல் அதன் உற்பத்தி நிற்கும்வரை, டிரைவிங் ஸ்கூல் என்றாலே மாருதி 800 என்கிற நிலை இருந்தது. ஆக, கியர் மாற்றும் சிரமத்தை இயந்திரவியல் ஏறக்குறைய தீர்த்துவிட்டது. மிஞ்சியிருப்பது கிளட்ச் ஒன்றுதான்.

பள்ளிக் காருக்குள்

காலை ஆறரை மணிக்கு எந்த ஊரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டிய சிறிய கார். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பக்கத்தில் மாஸ்டர், பின்சீட்டில் தம் முறைக்காகக் காத்திருக்கும் இருவரோ மூவரோ. மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக்கும் இன்னொரு கிளட்சும் இருக்கும். வேகத்தடை வருகிறது. மாஸ்டரின் கால் கிளட்சை அழுத்துகிறது, அவரது வலதுகை ஸ்டியரிங்கை லேசாகத் திருத்துகிறது. “செகண்ட் போடுங்க சார்” என்கிறார். கற்பவர் லீவரை இழுக்கிறார். கார் குலுங்காமல் நகர்கிறது. கற்பவருக்குத் தானே ஓட்டியதாகத் தோன்றும். உண்மையில் அந்த நொடியில் கிளட்சை விட்டது அவருடைய கால் இல்லை.

இரட்டைக் கட்டுப்பாடு பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு. பயிற்சி வாகனத்தில் அது கட்டாயம் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அது இல்லாமல் சாலையில் கற்பிப்பது ஆபத்து. ஆனால், நெரிசலான சாலையில், பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கு முன்னால், மூன்று பேரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டவைத்து இறக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் மாஸ்டருக்கு, வண்டி ஆஃப் ஆவதைவிடத் தானே கிளட்ச் மிதித்துவிடுவது எளிது. மாதக் கடைசியில் கற்பவர் ஸ்டியரிங் பிடிக்கப் பழகியிருப்பார், கியர் வரிசை தெரிந்திருக்கும். இடதுகாலுக்கு மட்டும் எதுவும் தெரிந்திருக்காது. இரண்டாவது பெடல் இல்லாத சொந்தக் காரில் முதல் நாளே அது அம்பலமாகிவிடும்.

மாஸ்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொற்பச் சம்பளத்தில், நாள் முழுதும் வெயிலில், மற்றவர்களின் தவறுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். ஒரு காருக்கு இத்தனை பேர், ஒருவருக்கு இத்தனை நிமிடம் என்று கட்டணத்தை வைத்து நேரத்தைச் சுருக்கும் முறைதான் மாற வேண்டும். நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் இருபது நாள் ஓட்டினால் மொத்தம் ஐந்து மணி நேரம்தான் ஆகும். அதிலும் கிளட்ச் முழுக்கக் கற்பவரின் காலில் இருந்த நேரம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது?

இந்த விஷயத்தில் நம் விதிகள் நல்ல தெளிவோடு எழுதப்பட்டிருக்கின்றன. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் ஆன பிறகே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். பயிற்சிப் பள்ளிகள் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கான பயிற்சியைக் குறைந்தது 21 நாள் நடத்த வேண்டும். அதில் கற்பவர் உண்மையில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது.

ஓட்டுத் தேர்வில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று 15ஆம் விதி ஒரு பட்டியலே தருகிறது. வண்டியைப் பத்திரமாகவும் சீராகவும் கிளப்பி டாப் கியர் வரை போவது, தேவைப்படும்போது விரைவாகக் கீழ்க் கியருக்கு வருவது, இறக்கத்தில் கியரைக் குறைப்பது ஆகியவை அதில் உள்ளன. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்தி, வண்டி துளியும் பின்னால் போகாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் மக்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதையே சட்டம் தேர்வில் வைத்திருக்கிறது. சமதளமான மைதானத்திலோ தெருவிலோ கொஞ்ச தூரம் ஓட்டவைத்து முடிக்கும் தேர்வில் இந்த அம்சம் எழவே வழியில்லை.

சட்டத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இருசக்கர வாகனங்களைக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர் புல்லட் ஓட்டக் கூடாது. கார் விஷயத்தில் இந்தப் பிரிவினை இல்லை. இலகுரக வாகனம் என்ற ஒரே தலைப்புதான். ஆட்டோமேட்டிக் காரில் தேறியவர் மறுநாளே கியர் காரில் ஏறி அண்ணா சாலையில் போகலாம். ஆட்டோமேட்டிக் கார்கள் அரிதாக இருந்த காலத்தில் இது பிரச்சினையாகவில்லை. இனி ஆகும்.

2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் ஒரு நல்ல முன்னேற்றம். கார் பயிற்சிக்கு நான்கு வாரத்துக்குள் 29 மணி நேரம்; அதில் 8 மணி வகுப்பறைப் பாடம், 21 மணி வண்டி ஓட்டுதல். மேடு, பள்ளச் சாலைகளில் ஓட்டுவதும் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. இங்கே தேறியவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. பத்து மணி நேரம் இருபத்தொன்றாக உயர்ந்ததில், பழைய அளவு போதாது என்று அரசே ஒப்புக்கொண்டது தெரிகிறது. அண்டை மாநிலமான கேரளம் 2024இல் தன் ஓட்டுத் தேர்வைக் கடுமையாக்கி ஏற்றத்தில் ஓட்டுவதையும் பார்க்கிங்கையும் சேர்க்க முயன்றபோது பயிற்சிப் பள்ளிகள் கடுமையாக எதிர்த்தன. தேர்வை மாற்றுவதற்கு முன்னால் பயிற்சிக்கான இடமும் நேரமும் கட்டணமும் மாற வேண்டும் என்பதே அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

வெளிநாடுகள் சொல்லும் கணக்கு

பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேறியவர் கியர் கார் ஓட்டக் கூடாது. அதற்குத் தனியாகத் தேற வேண்டும். அங்கே தேறுபவர்கள் சராசரியாக 45 மணி நேரம் ஆசிரியரோடும் 22 மணி நேரம் குடும்பத்தினரோடும் ஓட்டிப் பழகுகிறார்கள் என்று அந்நாட்டின் தேர்வு முகமை சொல்கிறது. ஜெர்மனி 2021 ஏப்ரலில் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தது. தேர்வில் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிக் காட்டலாம். ஆனால் கியர் காரில் பத்து வகுப்புகள் ஓட்டி, குறைந்தது 15 நிமிடம் பள்ளியிலேயே ஓட்டிக்காட்டித் தேறினால், இரண்டு வகைக் காரையும் ஓட்டும் உரிமம் கிடைக்கும்.

ஜப்பானின் கணக்குதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்கே 1991இலேயே ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான உரிமம் வந்துவிட்டது. பல ஆண்டுகளாக அங்குள்ள பயிற்சிப் பள்ளிகளில் ஆட்டோமேட்டிக்குக்கு 31 வகுப்பு, கியர் காருக்கு 34 வகுப்பு என்று இருந்தது. வித்தியாசம் மூன்றே வகுப்புகள். சாலையைப் படிப்பது, கண்ணாடி பார்ப்பது, வளைவு, பார்க்கிங், மற்றவர்களைக் கணிப்பது ஆகிய எல்லாமும் இரண்டுக்கும் பொது. முறையாகக் கற்பித்தால் கியருக்கான கூடுதல் சுமை அவ்வளவு சிறியது. கியர் கார் மலைபோன்ற கஷ்டம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்தச் சிறிய பகுதியைத் தனியாக உட்கார்ந்து யாரும் கற்பிக்காததுதான்.

கற்பிக்க வேண்டிய வரிசை

முதல் வகுப்பு காலியான சமதள மைதானத்தில் நடக்க வேண்டும். இருக்கையை முன்னுக்கு நகர்த்தி, கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கும்படி வைக்க வேண்டும். குதிகால் தரையில் ஊன்றியிருந்தால் பாதத்துக்கு நுணுக்கம் கிடைக்கும். இன்ஜினைப் போட்டு, கிளட்ச் மிதித்து, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின் வலதுகாலை ஆக்ஸிலரேட்டரில் வைக்கவே கூடாது. பிரேக்குக்கு மேலே தயாராக நிறுத்திக்கொள்ள வேண்டும். இனி கிளட்ச் மட்டும்.

பெடலை நகம் அளவு நகம் அளவாக விடும்போது ஓர் இடத்தில் இன்ஜினின் சத்தம் தாழும். ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய அதிர்வு வரும். அங்கேயே காலை நிறுத்திக்கொண்டால் கார் எறும்புபோல் ஊர ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் விட்டு, கார் நடை வேகத்தை எட்டியதும் முழுதாக விட்டுவிடலாம். பிறகு கிளட்ச், பிரேக், நிறுத்தம். மறுபடி முதலிலிருந்து. இதையே அந்த வகுப்பு முழுவதும் செய்ய வேண்டும். மாஸ்டரின் கால் அவர் பெடலிலிருந்து விலகி இருக்க வேண்டும். கார் ஆஃப் ஆனால் ஆகட்டும். ஆஃப் ஆன காரைப் பதற்றமில்லாமல் கிளப்பும் வரிசையும் (கிளட்ச், பிரேக், நியூட்ரல், சாவி) இங்கேதான் பழக வேண்டும். மைதானத்தில் ஆஃப் ஆகிப் பழகியவருக்குச் சிக்னலில் கை நடுங்காது.

இடதுகால் தன் இடத்தைக் கண்டுகொண்ட பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சேர்க்கலாம். பின்னோக்கி ஓட்டுவதையும் இப்போதே பழகுவது நல்லது. ரிவர்ஸ் என்பது முழுக்க முழுக்கக் கிளட்ச் பாடம். அடுத்து மேல் கியருக்கு மாறுவது, பிறகு கீழ்க் கியருக்கு வருவது. கீழிறங்கும்போது பலரிடம் ஒரு தவறான பழக்கத்தைக் காணலாம்: நிறுத்த வேண்டும் என்றதும் முதலில் கிளட்சை மிதித்துவிடுவார்கள். வேகமாகப் போகும்போது அப்படிச் செய்தால் இன்ஜினின் பிடிப்பு போய், முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். முதலில் பிரேக், வேகம் குறைந்து இன்ஜின் உதறப்போகும் நேரத்தில் கிளட்ச். இதுதான் வரிசை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் இரண்டும் சேர்ந்தே போகும். கியர் மாற்றி முடித்ததும் இடதுகாலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிட வேண்டும். கால் பெடலில் தங்கினாலே பிளேட் லேசாக வழுக்கித் தேயும், ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஏற்றமும் இறக்கமும்

மாலை நேரத்தில் ஜெமினி மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். பின்னால் அரை கை தூரத்தில் ஒரு பைக். இங்கே ஹேண்ட் பிரேக்தான் நண்பன். நின்றதும் அதை இழுத்துவிட்டு, கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முன்னால் உள்ள வண்டி நகர்ந்ததும் முதல் கியர், வலதுகாலில் கொஞ்சம் ரேஸ், இடதுகாலில் கிளட்சை மெல்ல விடுதல். ஹாஃப் கிளட்ச் வந்ததும் இன்ஜின் சத்தம் தாழும், காரின் மூக்கு லேசாக எழும். ஹேண்ட் பிரேக் பின்னால் இழுத்துப் பிடிக்க, இன்ஜின் முன்னால் இழுக்கும் தருணம் அது. இடதுகாலை அங்கேயே நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் கார் பின்னால் ஒரு விரல்கடைகூடப் போகாது. பிறகு ரேஸைக் கூட்டி, கிளட்சை முழுதும் விட்டால் முடிந்தது.

ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே மேட்டில் காரை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. வெளியே பார்க்கச் சாமர்த்தியமாகத் தெரியும். உள்ளே கிளட்ச் பிளேட் விடாமல் வழுக்கிக் கருகும். கருகல் வாசனை மூக்கை எட்டும்போது பிளேட்டின் ஆயுள் கணிசமாகக் குறைந்திருக்கும்.

இறக்கத்தில் உள்ள ஆபத்து இதைவிடப் பெரியது. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வர ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். அவ்வளவு ஆற்றலையும் பிரேக்கே வெப்பமாக உறிஞ்ச வேண்டும் என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரைவரை போய்விடும். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் விதி. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருளை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவோரும் ஏமாறத்தான் செய்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகும். நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலை அடிக்கடி விபத்துச் செய்திகளில் அடிபடுகிறது. சமவெளியில் மட்டும் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கிய நாம் நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் குடும்பத்தோடு போகிறோம். இந்த அரை மணி நேரப் பாடத்தைக் கற்றுக்கொடுக்காமல் அனுப்புவது பெரிய பிழை.

கை, கால், வயது

பைக் ஓட்டிப் பழகியவர்கள் கார் கிளட்சைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கையில் செய்ததைக் காலில் செய்வதுதான் அவர்களுக்கு வேலை. ஸ்கூட்டியும் ஆக்டிவாவும் மட்டும் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதியது. பெண்கள் பலர் இந்த இரண்டாவது வகையில் இருப்பதால், கியர் கார் பெண்களுக்கு வராது என்ற பேச்சு பரவிவிட்டது. வித்தியாசம் எந்த வண்டியில் பழகினார்கள் என்பதில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாடு அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பேருந்தின் கிளட்சோடு ஒப்பிட்டால் இன்றைய காரின் கிளட்ச் விளையாட்டுப் பொருள். ஐம்பது வயதுக்கு மேல் கற்க வருபவர்களுக்கும் இதே பதில்தான். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும். பின்சீட்டில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்காத வகுப்பு தேவைப்படும்.

ஆட்டோமேட்டிக் காலத்தில் இது எதற்கு?

2014இல் மாருதி செலெரியோவில் வந்த ஏ.எம்.டி. தொழில்நுட்பம், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரத்திடமே ஒப்படைத்தது. சிறிய கார்களில் இதற்குச் சுமார் 50,000 ரூபாய்தான் கூடுதல் விலை. 2020இல் ஹூண்டாய், கியர் லீவரை வைத்துக்கொண்டு கிளட்ச் பெடலை மட்டும் எடுத்துவிட்ட கார்களைக் கொண்டுவந்தது. மின்கார்களில் பெரும்பாலும் கியர் மாற்றும் வேலையே கிடையாது. சென்னை நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகிறவரும், இடது முழங்காலில் வலி உள்ளவரும் ஆட்டோமேட்டிக் வாங்குவது நியாயமான முடிவு. கியர் கார் ஓட்டுபவர்தான் நிஜமான டிரைவர் என்ற பெருமைப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன். இந்தியாவில் தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். இன்று விற்கும் கியர் கார் 2040ஆம் ஆண்டிலும் சாலையில் இருக்கும். பழைய கார் சந்தையில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் கியர் கார்கள்தான். ஆக்டிங் டிரைவராகவோ டாக்ஸி ஓட்டியோ சம்பாதிக்க நினைக்கும் இளைஞருக்குக் கியர் தெரியாவிட்டால் பாதி வேலை கைநழுவும். நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால், அவர் வீட்டில் நிற்கும் கார் எந்த வகை என்று பார்த்துவிட்டா உதவிக்குப் போக முடியும்? ஜப்பான் கணக்குப்படி மூன்று வகுப்பு கூடுதல் உழைப்புக்கு இவ்வளவு பயன் கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை

அரசு இரண்டு காரியம் செய்ய வேண்டும். 15ஆம் விதியில் ஏற்கெனவே உள்ள ஏற்றத் தேர்வை ஒவ்வொரு தேர்வுத் தளத்திலும் நடைமுறைப்படுத்த ஒரு சிறிய சாய்தளம் கட்ட வேண்டும். ஜெர்மனியைப்போல, ஆட்டோமேட்டிக்கில் தேறுபவர்களுக்குக் கியர் காரில் குறைந்தபட்சப் பயிற்சிக்கான சான்றைக் கேட்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் முதல் இரண்டு வகுப்பையாவது மைதானத்தில், ஒருவருக்கு ஒரு கார் என்று நடத்த வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை.

கற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: சட்டம் சொல்லும் 10 மணி நேரம் முழுவதும் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்க வேண்டும், மைதானத்தில் கிளட்ச் மட்டும் பழகும் வகுப்பு வேண்டும், மேட்டில் நிறுத்திக் கிளப்பும் வகுப்பு வேண்டும். வண்டி ஓட்டும்போது “மாஸ்டர், கிளட்சை நீங்க தொடாதீங்க, ஆஃப் ஆனா நானே கிளப்பறேன்” என்று தயங்காமல் சொல்லுங்கள். இவை மூன்றும் கிடைக்கும்வரை ஓட்டுத் தேர்வுக்குத் தேதி வாங்காதீர்கள்.